வளரிளம் பருவத்து முதுகுவலி: உடற்பயிற்சியே மருந்து

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்திக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் வலி தொடங்குகிறது. முதல் மாதம் அவள் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டாம் மாதம் தாயிடம் சொல்கிறாள், தைலம் தேய்க்கப்படுகிறது. மூன்றாம் மாதம் மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வருகிறது. நான்காம் மாதம் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் குறை எதுவும் இல்லை. "கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும்" என்ற அறிவுரையோடு வீடு திரும்புகிறார்கள். மறுநாள் முதல் அவள் கோ-கோ ஆடுவது நின்றுபோகிறது. மிதிவண்டி திண்ணையில் சாத்தி வைக்கப்படுகிறது. உடற்பயிற்சி வகுப்பு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்க அனுமதி கிடைக்கிறது. வலி மட்டும் நிற்பதில்லை.

இத்தகைய மாணவியை, அல்லது மாணவனை, இந்தியாவின் எந்த மாவட்டத்திலும் காணலாம். அந்தக் குடும்பத்தில் யாரும் அக்கறைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. எல்லோரும் அவளுடைய நன்மையையே நாடினார்கள். ஆயினும், அக்கறையினால் அளிக்கப்பட்ட ஓய்வே அவளுடைய முதுகை மேலும் வலுவிழக்கச் செய்கிறது. நாட்பட்ட முதுகுவலியால் துன்புறும் இளையோருக்கு முறையான உடற்பயிற்சியே முதல் மருந்து என்பதையும், அம்மருந்தை வழங்குவதற்கு மிகத் தகுந்த இடம் பள்ளியே என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பிரச்சினையின் அளவு

உலக மக்களின் இயக்கத்தை முடக்கும் காரணங்களுள் கீழ்முதுகு வலி முதலிடம் வகிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் இவ்வலிக்கு ஆளாகியிருந்தனர் என்பது மதிப்பீடு. இதனை நடுத்தர வயதினரின் நோய் என்றும், முதியோரின் நோய் என்றும் கருதுவதே பொதுவழக்கம். ஆராய்ச்சிகள் வேறு கதை சொல்கின்றன. டென்மார்க் நாட்டில் இரட்டையர்களிடையே நடத்தப்பெற்று 1998-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, பெண்கள் 18 வயதை எட்டுவதற்குள்ளும் ஆண்கள் 20 வயதை எட்டுவதற்குள்ளும், பாதிப் பேருக்கு மேல் ஒருமுறையேனும் இவ்வலியை அனுபவித்திருந்தனர். அதே நாட்டில் ஏறத்தாழ 9,600 இரட்டையர்களை 1994-ஆம் ஆண்டிலும் மீண்டும் 2002-ஆம் ஆண்டிலும் வினவியபோது, இளம் வயதில் முதுகுவலி இருந்தோருக்கே பின்னாளிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. விதை இளமையில் விழுகிறது. மரம் நடுவயதில் வெளிப்படுகிறது.

இந்தியாவில் 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டோர், 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 25 கோடிக்கு மேல். அதாவது ஐந்து பேரில் ஒருவர். நாளைய வயலிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைக்கவிருப்பவர்கள் இவர்களே. இவர்களுடைய முதுகின் நலம் நாட்டின் உழைப்புத் திறனோடு நேரடித் தொடர்புடையது.

இளையோருக்கு வரும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கின்றனர். கவனம் தேவைப்படுவது இந்தப் பிரிவினருக்கே.

காரணங்கள்

முதுகுவலி என்றதும் பெற்றோரின் கண் புத்தகப் பையின் மீது விழுகிறது. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-ஆம் ஆண்டில் சுமையற்ற கல்வியை வலியுறுத்தி அறிக்கை அளித்தது. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது. 9, 10-ஆம் வகுப்புகளுக்கு இரண்டரை முதல் நாலரை கிலோ வரை, 11, 12-ஆம் வகுப்புகளுக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை என்றும் அளவு வகுத்தது. பாரமான பை தோளை வருத்துகிறது, நடையைக் கெடுக்கிறது. ஆகையால் இந்த வரம்பு வேண்டுவதே. ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பாய்வு, பையின் எடைதான் முதுகுவலியைத் தோற்றுவிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு கூறியது. பையை இறக்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

காரணங்கள் பல, அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, வளர்ச்சி. பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உயரம் மிக விரைவாகக் கூடுகிறது. எலும்பு நீளும் வேகத்திற்குத் தசைகள் உடனே ஈடுகொடுப்பதில்லை. தொடையின் பின்புறத் தசைகள் இறுகுகின்றன. குனியும்போது அந்த இறுக்கத்தின் சுமை கீழ்முதுகின்மேல் விழுகிறது. இரண்டாவது, அமர்ந்தே கழியும் நாள். வகுப்பில் ஆறு மணி நேரம், தனிப்பயிற்சியில் இரண்டு மணி நேரம், வீட்டுப்பாடத்திலும் கைப்பேசியிலும் எஞ்சிய நேரம் என்று நாள் ஓடிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுக்கு உட்பட்ட பள்ளி மாணவர்களில் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இன்றி இருந்தனர். மாணவியரின் நிலை மாணவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது, உறக்கக் குறைவும் மனக்கவலையும். தேர்வு அச்சத்தில் உறக்கம் கெட்ட மாணவனுக்கு அதே வலி இருமடங்காகத் தெரிகிறது. வலி மெய்யானதே, மனநிலை அதன் குரலை உயர்த்துகிறது.

விதிவிலக்குகள்

பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து பார்க்கவேண்டியது இன்றியமையாதது. காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, உறக்கத்திலிருந்து எழுப்பும் இரவு வலி, கால்களில் மரமரப்பு அல்லது வலுக்குறைவு, சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை, கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இந்தியாவில் இன்றும் காணப்படுகிறது என்பதை எந்த மருத்துவரும் மறப்பதற்கில்லை.

வேகப் பந்துவீச்சாளர், ஜிம்னாஸ்டிக் வீராங்கனை போன்ற இளம் விளையாட்டினருக்குப் பின்னோக்கி வளையும்போது வலி கூடினால், முள்ளெலும்பில் நுண்ணிய முறிவு ஏற்பட்டிருக்கக்கூடும். அவர்களுக்கு அந்த விளையாட்டிலிருந்து சில காலம் ஓய்வு தேவைப்படும். பயிற்சி அதன் பின்னரே. இத்தகையோர் சிலரே. நாட்பட்ட வலியுள்ள மிகப் பலருக்கு எலும்பிலோ நரம்பிலோ குறிப்பிட்ட கோளாறு எதுவும் தென்படுவதில்லை. இவ்வுரை அவர்களைப் பற்றியதே.

ஓய்வு ஏன் உதவாது?

முதுகெலும்பு ஒரு கொடிக்கம்பம் போன்றது. நாற்புறமும் கட்டிய கயிறுகள் சரியான விறைப்போடு இருக்கும்வரை கம்பம் நிமிர்ந்து நிற்கும். வயிற்றுத் தசைகளும், முதுகின் ஆழத்தில் உள்ள சிறு தசைகளும், இடுப்பையும் புட்டத்தையும் சேர்ந்த பெருந்தசைகளுமே அந்தக் கயிறுகள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996-ஆம் ஆண்டில் ஒரு நுட்பத்தைக் கண்டறிந்தனர். நலமுள்ளவர் கையை உயர்த்த எண்ணும்போது, கை அசைவதற்கு முன்பே அடிவயிற்றின் ஆழ்ந்த தசை இறுகி முதுகைத் தாங்குகிறது. முதுகுவலி உள்ளோரிடம் அந்த இறுக்கம் தாமதமாகிறது. 

ஓய்வினால் இத்தசைகள் மேலும் மெலிகின்றன. மெலிந்த தசை விரைவில் களைக்கிறது. களைத்த தசை வலிக்கிறது. வலி அச்சத்தைத் தருகிறது. அச்சம் மீண்டும் ஓய்வை நாடுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். உடற்பயிற்சி அதனைத் தசையிலும் அறுக்கிறது, அச்சத்திலும் அறுக்கிறது. குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்று அஞ்சிய மாணவி, பத்து முறை குனிந்து நிமிர்ந்தபின் தன் உடலை மீண்டும் நம்பத் தொடங்குகிறாள்.

பெரியோரைப் பொறுத்தவரை சான்றுகள் ஏராளம். 2021-ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 249 ஆய்வுகளைத் தொகுத்து, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி பயன் தருகிறது என்று கூறியது. இளையோரிடம் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆயினும் அவை அதே திசையைக் காட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நமது நாட்டிற்குப் பாடமாகத்தக்கது. முதுகுவலி இருந்த 12, 13 வயதுச் சிறார் 72 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குப் பள்ளியிலேயே, இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், எட்டு வாரங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பிரிவினரின் வலி மற்றப் பிரிவினருடையதைக் காட்டிலும் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பயிற்சி முறை

நல்ல பயிற்சித் திட்டத்திற்கு மூன்று கூறுகள் உண்டு: இறுகிய தசையை நெகிழ்த்துதல், மெலிந்த தசையை வலுப்படுத்துதல், உடல் முழுவதற்கும் இயக்கம் தருதல். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளவேண்டும்.

பின்னர், மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றி, பூனையைப் போல முதுகை மெல்ல மேலே வளைத்துப் பின் கீழே தாழ்த்துவது முதற்பயிற்சி. எட்டு முறை போதும். மல்லாந்து படுத்து, ஒரு காலை நீட்டியபடி உயர்த்தித் தொடையின் பின்புறத்தை முப்பது விநாடி நெகிழ்த்துவது அடுத்தது.

வலுப்படுத்தும் பயிற்சிகள் நான்கு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்திப் பாலம் போல நிறுத்துவது ஒன்று. மண்டியிட்ட நிலையில் வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டி நிறுத்துவதும், பிறகு மாற்றிச் செய்வதும் மற்றொன்று. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி உடலை உயர்த்துவது மூன்றாவது. மல்லாந்த நிலையில், கைகளை இடுப்பின் அடியில் வைத்து, ஒரு முழங்காலை மட்டும் மடித்துத் தலையையும் தோளையும் சிறிதளவே உயர்த்துவது நான்காவது. இவற்றுள் கடைசி மூன்றையும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மக்கில் பரவலாக அறியச் செய்தார். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கக்கூடாது. எட்டு முதல் பத்து முறை திரும்பச் செய்யலாம்.

இவற்றில் தேர்ந்தபின் பஸ்கி, படியேறுதல், மெல்லோட்டம் ஆகியவற்றைச் சேர்த்து, இறுதியாகக் கபடிக்கோ கோ-கோவுக்கோ மாணவரைத் திருப்பி அனுப்பவேண்டும். விளையாட்டிற்குத் திரும்புவதே சிகிச்சையின் நிறைவு. யோகாசனம், நீச்சல் ஆகியவையும் ஏற்றவையே. பெரியோரிடம் நடந்த ஆய்வுகளில், ஒருவகைப் பயிற்சி மற்றெல்லா வகையையும் விஞ்சிவிட்டது என்று கூறும்படியான பெரிய வேறுபாடு தென்படவில்லை. மாணவர் விரும்பித் தொடரும் பயிற்சியே அவருக்குச் சிறந்த பயிற்சி.

அளவும் விடாமுயற்சியும்

மருந்துக்கு அளவு இருப்பதுபோலப் பயிற்சிக்கும் அளவு உண்டு. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் மேற்பார்வையில், மற்ற நாட்களில் வீட்டில் பதினைந்து நிமிடம், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை என்பது நடைமுறைக்கு உகந்த அளவு. முதல் இரு வாரங்களில் வலி சற்றுக் கூடக்கூடும். பயிற்சிக்குப்பின் தோன்றும் சிறு வலி மறுநாளுக்குள் தணிந்துவிட்டால் அஞ்சவேண்டியதில்லை; தணியாவிட்டால் அளவைக் குறைக்கவேண்டும், பயிற்சியை விட்டுவிடலாகாது.

மிகப் பெரிய இடர்ப்பாடு, வலி சற்றுக் குறைந்தவுடன் பயிற்சியைக் கைவிடுவதே. தனியாகச் செய்யும் பிள்ளை மூன்றாம் வாரத்தில் சலித்துவிடும். தோழர்களோடு செய்யும் பிள்ளை தொடரும். ஒரு சிறு ஏட்டில் நாள்தோறும் செய்ததைக் குறித்துவைப்பதும் உதவும். "வலி எவ்வளவு?" என்று நாள்தோறும் கேட்பதைக் காட்டிலும், "இந்த வாரம் புதிதாக என்ன செய்ய முடிந்தது?" என்று பெற்றோர் கேட்பது நலம்.

வலி மாத்திரைகளைச் சொந்தப் பொறுப்பில் மாதக்கணக்கில் உட்கொள்வது இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு விளைவிக்கும். குழந்தைகளின் நாட்பட்ட வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடலியக்கச் சிகிச்சை, உளவியல் சிகிச்சை, மருந்து ஆகிய மூன்றையும் ஒருங்கே கருதுகிறது. மருந்தை மட்டும் நம்பும்படி அது கூறவில்லை.

பள்ளியும் அரசும்

மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு மாணவி வாரம் இருமுறை அங்கு வந்துபோக இயலாது. தந்தையின் ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இரண்டாம் வாரத்திலேயே சிகிச்சையை நிறுத்திவிடும். ஆனால் பள்ளி ஒவ்வொரு சிற்றூருக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது; உடற்பயிற்சி வகுப்பும் கால அட்டவணையில் இருக்கிறது.

திட்டங்களுக்கும் குறைவில்லை. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை செல்கின்றன. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் சத்துணவு, மனநலம், தொற்றா நோய் முதலான ஆறு துறைகளை எடுத்துக்கொண்டது. அவற்றுள் முதுகுவலி தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க வகை செய்தது. இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-19 கல்வியாண்டில் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நாள்தோறும் ஓர் உடற்கல்விப் பாடவேளை ஒதுக்கும்படி அறிவுறுத்தியது.

இனித் தேவைப்படுவது இவற்றை இணைக்கும் ஒரு நூல். ஆண்டுக்கொரு முறை வரும் மருத்துவக் குழு, மூன்று மாதத்திற்கு மேல் முதுகு வலிக்கிறதா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். அபாய அறிகுறி உள்ளோரை மருத்துவமனைக்கு அனுப்பலாம். மற்றவர்களுக்காக மாவட்ட மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் நலத் தூதுவர்களான ஆசிரியர்களுக்கும் இப்பயிற்சிகளைக் கற்பிக்கலாம். ஒரு பாயும் இருபது நிமிடமும் போதும். வலியுள்ள மாணவரைத் தனியே பிரிக்காமல் வகுப்பு முழுவதுமே இதனைச் செய்தால், நோயாளி என்ற பெயரும் ஒட்டாது. வலி இல்லாதோருக்கும் உடல் வலுப்பெறும். 5 முதல் 17 வயதுக்கு உட்பட்டோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கம் மேற்கொள்ளவேண்டும் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கும் இது ஒரு படியாகும்.

இரு தடைகளைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. பல பள்ளிகளில் உடற்பயிற்சிப் பாடவேளை தேர்வு நெருங்கும்போது கணக்கு வகுப்பாகவும் அறிவியல் வகுப்பாகவும் மாறிவிடுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அது ஆண்டு முழுவதுமே மறைந்துவிடுவதுண்டு. முதுகுவலி மிகும் வயதும் அதுவே. மற்றொன்று மாணவியரின் நிலை. தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு மறைவான கூடமும், ஏற்ற உடையும், பெண் ஆசிரியரும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் மாணவிகள் கூச்சத்தினால் விலகி நிற்பார்கள். சோம்பல் என்று அதற்குப் பெயர் சூட்டப்படும். கூடத்தின் கதவைச் சாத்திக்கொள்ளவும் நேரத்தை ஒதுக்கித் தரவும் பெருஞ்செலவு ஆகாது. தலைமையாசிரியரின் மனம் இசைந்தால் போதும்.

மரத்தடியில் அமர்த்தப்பட்ட அந்த மாணவி கேட்பது அதிகமில்லை. அவளை ஆராய்ந்து, அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்று தெளிவாகச் சொல்ல ஒரு மருத்துவர். என்ன செய்யவேண்டும், எவ்வளவு செய்யவேண்டும் என்று காட்ட ஓர் ஆசிரியர். உடன் செய்யத் தோழியர். களவு போகாத ஒரு பாடவேளை. இந்நான்கும் கிடைத்தால், பன்னிரண்டு வாரங்களில் அவள் மீண்டும் ஆடுகளத்தில் நிற்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த ஆண்டின் கால அட்டவணையை வகுக்க அமரும் ஒவ்வொரு தலைமையாசிரியரும், அதனைப் பார்வையிடும் ஒவ்வொரு கல்வி அலுவலரும், அந்தப் பாடவேளையை மருந்துச் சீட்டாகக் கருதிக் காப்பார்களாக.